பெல்ட் வண்டி கேட்டால் டயர் வண்டி வருகிறது: கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருக்கின்றன. எமுலேட்டர் (ஒரு சிபியு மாதிரி மென்பொருளாலேயே நடிப்பது), மெய்நிகர் கணினி (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி) என்று எதையோ போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் நிரலிடம் 'எனக்கு இந்த வேலை தெரியும்' என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறது அல்லது தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கிறது, அதில் வந்த தகராறு. ஆகவே பிரிண்டர் மை, போன் பேட்டரி கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா மகன் ஊருக்கு வந்தபோது ஏஆர்எம் சிப் போட்ட மடிக்கணினி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். என் பழைய லினக்ஸ் நிரல்கள் எல்லாம் இன்டெல் கணினிக்கானவை என்பதால் க்யூஎமு எமுலேட்டரில் 'ஹாஸ்வெல்' என்ற இன்டெல் சிபியுவைத் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறேன். பழைய கேசட் பாட்டுகளின் இரைச்சலை எடுக்கும் நிரல் மட்டும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறது. ஹாஸ்வெல்லில் ஏவிஎக்ஸ்2 (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வசதி) உண்டு என்று தேடிப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். எமுலேட்டர் என்னை ஏமாற்றுகிறதா? – வாசகர், மன்னார்குடி

பதில்: ஏமாற்றவில்லை. அது சொன்னதை நீங்களும் கேட்கவில்லை, உங்கள் பாட்டு நிரலும் கேட்கவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிரல் செத்த கடைசி வரியை விட்டுவிடுங்கள். மேலே, க்யூஎமு கிளம்பும்போதே 'வார்னிங்' என்று ஆரம்பிக்கும் வரிகள் வரிசையாக ஓடியிருக்கின்றன: நீங்கள் கேட்ட இன்ன வசதியை டிசிஜி தராது, இன்ன வசதியைத் தராது என்று ஒவ்வொன்றாக. அந்தப் பட்டியலில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இரண்டும் இருக்கின்றன. டிசிஜி என்பது க்யூஎமுவுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர். இன்டெல் கட்டளையை வாங்கி உங்கள் ஏஆர்எம் சிப்புக்குப் புரியும்படி மாற்றிக்கொடுப்பது அதுதான். நீங்கள் வைத்திருக்கும் பழைய பதிப்பில் அதற்கு ஏவிஎக்ஸ் தெரியாது. 2022 டிசம்பரில் வந்த 7.2 பதிப்பில்தான் ஏவிஎக்ஸும் ஏவிஎக்ஸ்2வும் சேர்ந்தன.

சரி, தெரியாது என்று அது சொல்லியும் நிரல் ஏன் மாட்டிக்கொண்டது? ஒரு சிபியுவிடம் 'உனக்கு என்னென்ன தெரியும்' என்று கேட்க சிபியுஐடி என்று ஒரு கட்டளையே இருக்கிறது, 1993இல் பென்டியம் வந்த காலத்திலிருந்து. இஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில், அதாவது சிபியுவுக்குள் இருக்கும் ஒரு சின்னச் சேமிப்பிடத்தில், ஒரு எண்ணைப் போட்டுக் கேட்டால் (அந்த எண்ணுக்கு லீஃப் என்று பெயர்) இஏஎக்ஸ், ஈபிஎக்ஸ், இசிஎக்ஸ், இடிஎக்ஸ் என்ற நான்கு ரெஜிஸ்டர்களில் பதில் வரும். பெயர், குடும்ப எண், மாடல் எண் ஒரு பக்கம். வசதிக்கு ஒரு பிட் என்று பட்டியல் இன்னொரு பக்கம், 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை. க்யூஎமு என்ன செய்தது என்றால், தன்னால் முடியாத வசதிகளின் பிட்டை எல்லாம் 0 ஆக்கிவிட்டது, பெயரை மட்டும் நீங்கள் கேட்டபடி ஹாஸ்வெல் என்றே விட்டுவிட்டது. உங்கள் நிரல் பிட்டைப் பார்க்காமல் 'குடும்பம் 6, மாடல் 60, ஓஹோ ஹாஸ்வெல், அப்படியானால் ஏவிஎக்ஸ்2 இருக்கும்' என்று பெயரை வைத்து முடிவுகட்டியிருக்கிறது.

சம்பா அறுப்பில் இதை நாம் பார்க்காததா? வயலில் ஈரம் காயவில்லை, பெல்ட் போட்ட அறுப்பு வண்டிதான் இறங்கும், டயர் வண்டி இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். ஏஜென்டிடம் 'பெல்ட் வண்டியா' என்று வாய்விட்டுக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். கேட்காமல், போன வருஷம் ஆத்தூர்ப் பக்கமிருந்து இதே கம்பெனி வண்டிதானே வந்தது, இதே பச்சைக் கலர்தானே என்று நாமே நினைத்துக்கொண்டு வரப்பை வெட்டிவிட்டால் அப்புறம் டிராக்டர் கட்டித்தான் இழுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: க்யூஎமுவைப் புதுப்பியுங்கள். அப்புறம் சிபியு பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு 'என்ஃபோர்ஸ்' என்று சேருங்கள். கேட்ட வசதி ஒன்று குறைந்தாலும் எச்சரிக்கையோடு நிற்காமல் கிளம்பவே மறுத்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பாதி வழியில் புதைவதற்கு அது தேவலை. உள்ளே ஓடும் லினக்ஸுக்குப் போனதும் 'எல்எஸ்சிபியு' என்று கொடுத்து, வசதிகளை வரிசையாகச் சொல்லும் ஃப்ளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைக் கணக்குக்காக மாத வாடகையில் ஒரு மெய்நிகர் சர்வர் எடுத்திருக்கிறோம். மாங்கோடிபி என்ற தரவுத்தள நிரலின் புதுப் பதிப்பைப் போட்டால் கிளம்பிய நொடியிலேயே நின்றுவிடுகிறது, லாக் கோப்பில் ஒரு எழுத்து இல்லை. 132 என்று ஒரு எண் மட்டும் வருகிறது. சர்வர்காரர்கள் 'எங்கள் சிபியு எல்லாம் புத்தம் புதியது' என்கிறார்கள். – வாசகி, கும்பகோணம்

பதில்: அவர்கள் சொல்வதும் உண்மை, உங்களுக்கு நடப்பதும் உண்மை. 132 என்பது 128ஐயும் 4ஐயும் கூட்டியது. லினக்ஸில் 4ஆம் சிக்னல் என்றால் 'இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது' என்று சிபியு கையை விரித்துவிட்டதாக அர்த்தம். மாங்கோடிபி 5.0 பதிப்பிலிருந்து எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினியில் ஏவிஎக்ஸ் கட்டாயம். லாக் எழுதும் வரைக்கும் கூட அது உயிரோடு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் இது நடந்தது. மாமா பாத்திரக்கடைக்கு ஸ்டாக் கணக்கு போட்டுக்கொடுக்கிறேன் என்று நானாக வாயைக் கொடுத்து, ஒரு நிறுவனத்தில் சர்வர் எடுத்து (பெயர் வேண்டாம், இப்போது நன்றாகத்தான் நடத்துகிறார்கள்), ஒரு ராத்திரி முழுக்க மெமரி போதவில்லையோ, கோப்பு உரிமை சரியில்லையோ என்று தேடிக்கொண்டிருந்தேன். விடிகாலை நாலு மணிக்கு ஃப்ளாக்ஸ் வரியை எடுத்துப் பார்த்தால் எஸ்எஸ்இ2, எஸ்எஸ்இ3 (ஏவிஎக்ஸுக்கு முந்தைய பழைய வசதிகள்), அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடியில் உண்மையில் ஓடிய சிபியுவுக்கு ஏவிஎக்ஸ்2 தெரியும். நடுவில் இருக்கும் மெய்நிகர் அடுக்கு அதை மறைத்து, 'கேவிஎம்64' என்று ஒரு பரம ஏழை சிபியுவாகக் காட்டியிருக்கிறது. மூன்றாவது மெயிலுக்குப் பிறகு அங்கே ஒரு புண்ணியவான் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றினார், அடுத்த நிமிடம் எல்லாம் ஓடியது.

இது பிழை இல்லை, வேண்டுமென்றே செய்வது. சர்வர்காரர்களிடம் பத்துப் பெட்டி இருந்தால் பத்தும் ஒரே வயதாக இருக்காது. ஒரு பெட்டியைக் கழுவித் துடைக்க வேண்டும் என்றால் அதில் ஓடும் மெய்நிகர் கணினிகளை நிறுத்தாமலேயே அடுத்த பெட்டிக்கு மாற்றுவார்கள். உள்ளே இருக்கும் நிரலோ கிளம்பும்போது ஒரு தடவை சிபியுஐடி கேட்டு மனதில் வைத்துக்கொண்டதுதான், மறுபடி கேட்காது. ஏவிஎக்ஸ்2 உண்டு என்று கேட்டுக்கொண்ட நிரலைத் தூக்கிப் போய் ஏவிஎக்ஸ்2 இல்லாத பெட்டியில் வைத்தால் அந்த நொடியே சாகும். அதனால் இருப்பதிலேயே கிழட்டுப் பெட்டிக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எல்லாப் பெட்டியும் சொல்லட்டும் என்று வைத்துவிடுவார்கள். ஏஜென்டிடம் பெல்ட் வண்டி இருந்தும் இல்லை என்று சொன்ன கதை. புதைந்து நிற்பதற்கு இது மேல், ஆனால் நாம் கையால் அறுக்க வேண்டியிருக்கிறது.

கேட்கும்போது ஒரு விஷயம் கவனம். 'எக்ஸ்86-64-வி2' என்ற வகையை வைத்துவிட்டு மாற்றியாயிற்று என்பார்கள். அந்த இரண்டாம் நிலையில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் (ஒரு எண்ணில் எத்தனை 1 பிட் என்று எண்ணுவது) வரைக்கும்தான், ஏவிஎக்ஸ் கிடையாது. ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 எல்லாம் 'வி3'இல் வருகின்றன. ஆகவே 'புது சிபியு கொடுங்கள்' என்று எழுதாதீர்கள், 'மெய்நிகர் கணினிக்குள் ஏவிஎக்ஸ் தெரிய வேண்டும்' என்று எழுதுங்கள்.

கேள்வி: எமுலேட்டரில் எவ்வளவு வசதிகளை 'உண்டு' என்று வைக்கிறோமோ அவ்வளவு வேகம் கூடும்தானே? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நிஜ சிபியுவில் கூடும். எமுலேட்டரில் பல சமயம் குறையும். ஏவிஎக்ஸ் கட்டளை ஒன்று எட்டு தசம எண்களை ஒரே வீச்சில் பெருக்கும் என்றால், எமுலேட்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எட்டுத் தடவை பெருக்கிக்கொண்டிருக்கும், அதோடு மேல்வேலை வேறு. நிரல் கட்டாயம் கேட்டால் மட்டும் திறந்துவிடுங்கள்.

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்டாக எக்ஸ்86 எமுலேட்டர் எழுதுகிறோம். சிபியுஐடிக்கு எங்கள் மடிக்கணினி தரும் பதில்களை அப்படியே காப்பி செய்து ஒரு அட்டவணையாக வைத்தோம். லினக்ஸ் பாதி கிளம்பி நிற்கிறது. வழிகாட்டி ஆசிரியர் 'எல்லாப் பிட்டையும் பூஜ்யமாக்கு' என்கிறார், ஆக்கினால் கிளம்பவே மாட்டேன் என்கிறது. – மாணவர்கள் நால்வர், தஞ்சாவூர்

பதில்: தம்பிகளா, அடுத்த வீட்டு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றிருக்கிறீர்கள். உங்கள் மடிக்கணினிக்குத் தெரிந்தது உங்கள் எமுலேட்டருக்குத் தெரியுமா? நீங்கள் இன்னும் எழுதாத கட்டளைகளுக்கு எல்லாம் 'உண்டு' என்று சொன்னால் லினக்ஸ் நம்பத்தானே செய்யும். ஆசிரியர் சொல்வதும் பாதி சரி: பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கலாம், பூஜ்யத்தில் நிற்க முடியாது. 64 பிட் லினக்ஸ் சில வசதிகள் இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்காது. நீட்டிப்பு லீஃபில், அதாவது ஹெக்ஸில் 80000001 என்று கேட்கும்போது, இடிஎக்ஸின் 29ஆம் பிட் 0 என்றால் 'இது 64 பிட் சிபியுவே இல்லை' என்று திரும்பிப் போய்விடும். எஸ்எஸ்இ, எஸ்எஸ்இ2 இரண்டும் கட்டாயம். அவை 1ஆம் லீஃபில் இடிஎக்ஸின் 25, 26ஆம் பிட்கள்.

அதற்கு மேல் ஒரே வழிதான். நீங்கள் எழுதி முடித்த கட்டளைகளின் பட்டியலை எடுங்கள், ஒரு நீட்சியின் (எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் மாதிரி ஒரு கட்டளைத் தொகுப்பின்) கட்டளைகள் முழுசாக முடிந்திருந்தால் மட்டும் அதன் பிட்டை 1 ஆக்குங்கள். எஸ்எஸ்இ4.1 என்பது ஒரே ஒரு பிட், இசிஎக்ஸில் 19ஆவது. ஆனால் அதற்குப் பின்னால் 47 கட்டளைகள் நிற்கின்றன. 45 எழுதிவிட்டோம், மீதி இரண்டை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று பிட்டைத் திறந்துவிட்டால், வைவா அன்றைக்கு வெளித்தேர்வாளர் முன்னால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் ஏதாவது ஒரு நிரல் கூப்பிடும்.

இன்னொன்று, இதுதான் உங்கள் லினக்ஸ் பாதியில் நிற்பதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று உங்கள் கோட் துண்டைப் பார்த்தால் படுகிறது. சிபியுஐடியின் பதில் முழுக்க முழுக்க நிலையான அட்டவணை இல்லை. 1ஆம் லீஃபில் இசிஎக்ஸின் 27ஆம் பிட் ஓஎஸ்எக்ஸ்சேவ். அது சிபியுவின் திறமை பற்றியது அல்ல. ஆபரேட்டிங் சிஸ்டம் சிஆர்4 ரெஜிஸ்டரின் 18ஆம் பிட்டைப் போட்டிருக்கிறதா என்பதன் நிழல். கேட்கிற கணத்தில் சிஆர்4ஐப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மடிக்கணினியில் உபுண்டு ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த காப்பி என்பதால் அதில் எப்போதும் 1. ஆபரேட்டிங் சிஸ்டம் கண்ணையே திறக்கவில்லை, அதற்குள் 'அது எல்லாம் செய்துவிட்டது' என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். அதேபோல் ஈபிஎக்ஸின் மேல் 8 பிட்டில் ஏபிக் அடையாள எண் இருக்கிறது, அது கோருக்குக் கோர் மாற வேண்டும். நான்கு கோரும் ஒரே எண்ணைச் சொன்னால் நான்கு பேர் ஒரே ஹால் டிக்கெட்டோடு பரீட்சைக்கு வந்த மாதிரி.

ஏவிஎக்ஸ் எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு நல்ல நிரல் அதை எப்படி விசாரிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதலில் 27ஆம் பிட், அப்புறம் 28ஆம் பிட்டில் ஏவிஎக்ஸ், அதோடு விடாமல் எக்ஸ்கெட்பிவி கட்டளையைக் கொடுத்து, ஆபரேட்டிங் சிஸ்டம் எந்த ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் என்று சொல்லும் எக்ஸ்சிஆர்0 ரெஜிஸ்டரில் 1, 2 ஆகிய இரண்டு பிட்டும் இருக்கின்றனவா என்று பார்க்கும். மூன்றும் ஒத்துப்போனால்தான் ஏவிஎக்ஸைத் தொடும். அப்புறம் 13ஆம் லீஃப், அதாவது ஹெக்ஸில் டி. ரெஜிஸ்டர்களை மெமரியில் சேமிக்க எத்தனை பைட் வேண்டும் என்று நிரல் அங்கே கேட்கும். எஸ்எஸ்இ வரைக்கும் என்றால் 576, ஏவிஎக்ஸும் சேர்ந்தால் 832. நீங்கள் ஏவிஎக்ஸைத் திறந்துவிட்டு இங்கே மட்டும் பழைய 576ஐயே சொல்லிக்கொண்டிருந்தால், நிரல் 576 பைட் இடம் ஒதுக்கும், ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் உங்கள் எக்ஸ்சேவ் கட்டளை 832 பைட் எழுதும், பக்கத்தில் இருந்த 256 பைட் யாருடையதோ அவர் எங்கேயோ பத்து நிமிஷம் கழித்துச் சாவார். அந்தப் பிழையைத் தேடி நீங்கள் சிவகங்கைப் பூங்காவில் நாலு சாயங்காலம் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பிட்களுக்குள் உறவுமுறையும் உண்டு. ஏவிஎக்ஸை மூடினால் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, எஃப்16சி என்று அதை நம்பி நிற்கும் எல்லாவற்றையும் சேர்த்து மூட வேண்டும். தாய் இல்லாமல் பிள்ளை மட்டும் இருப்பதாகச் சொன்னால் சில நிரல்கள் பிள்ளையை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடும்.

சோதனையை இரண்டு பக்கமும் எழுதுங்கள். பிட் 1 என்றால் அந்த நீட்சியின் ஒவ்வொரு கட்டளையும் சரியான விடை தர வேண்டும். பிட் 0 என்றால் அதே கட்டளைக்கு 6ஆம் எண் எக்ஸெப்ஷன் ('தெரியாத கட்டளை' என்ற பிழை) வர வேண்டும், 'சொல்லாவிட்டாலும் செய்துகொடுப்போமே' என்ற பெரிய மனசெல்லாம் இங்கே வேண்டாம். இந்த இரண்டாவது விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது, அடுத்த பதிலில் பாருங்கள்.

பெயர் விஷயம் ஒன்று கேட்டிருந்தீர்கள். 0ஆம் லீஃபில் வரும் 12 எழுத்துப் பெயரை உங்கள் கல்லூரிப் பெயராக வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். லினக்ஸ் 'இவர் யாரென்று தெரியவில்லை, பொதுவான முறையில் நடத்துகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு வசதி பிட்களைப் பார்த்து வேலையைத் தொடரும். ஆனால் 'ஜென்யூன்இன்டெல்' என்று இருந்தால் மட்டும் வேகமான பாதையில் போகும் நிரல்களும் இருந்திருக்கின்றன. இன்டெல் கம்பைலர் இப்படிப் பெயர் பார்த்து நடந்துகொண்டதும் சேர்ந்துதான் அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை போய், 2010இல் இன்டெல் சமரசத்துக்கு வந்தது. பெயரைப் பார்க்காதே, பிட்டைப் பார் என்று நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்லலாம். எமுலேட்டர் எழுதுகிற நீங்கள் ஊரில் இரண்டு வகை ஆளும் இருப்பார்கள் என்று எண்ணித்தான் எழுத வேண்டும்.

கேள்வி: வீட்டு மாடியில் மழைமானி வைத்துப் பல வருஷக் கணக்கை எழுதிவைத்திருக்கிறேன். அதைச் சுருக்கிச் சேமிக்க நானே சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். மகனுடைய புதுக் கணினியில் சரியாக ஓடுகிறது. எமுலேட்டரில் 'ஐவிபிரிட்ஜ்' என்று வைத்து ஓட்டினால் பிழை எதுவும் வரவில்லை, விடை மட்டும் தப்பு. செத்தாலாவது தெரியும், இது என்ன வியாதி? கம்பைல் செய்யும்போது மகன் எல்இசட்கவுண்ட் என்று ஏதோ சேர்த்தான். – ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, வியாதியின் பெயரை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள்.

எல்இசட்கவுண்ட் என்பது ஒரு எண்ணின் முன்னால் எத்தனை பூஜ்ய பிட்கள் இருக்கின்றன என்று எண்ணும் கட்டளை. ஏஎம்டியில் 2007இலும் இன்டெலில் 2013இல் ஹாஸ்வெல்லோடும் வந்தது. ஐவிபிரிட்ஜ் அதற்கு முந்தையது. பொதுவாகத் தெரியாத கட்டளை வந்தால் சிபியு நின்றுவிடும், ஆனால் இந்தக் கட்டளையை உருவாக்கியபோது ஒரு குறுக்கு வழி எடுத்தார்கள். பிஎஸ்ஆர் என்ற பழைய கட்டளையின் முன்னால் எஃப்3 என்ற ஒரு பைட்டை ஒட்டினால் அது எல்இசட்கவுண்ட். பழைய சிபியுவுக்கு அங்கே அந்த எஃப்3 அர்த்தமில்லாத ஒட்டு, தட்டிவிட்டு பிஎஸ்ஆரைச் செய்துவிடும். பிஎஸ்ஆர் சொல்வது உச்சியில் இருக்கும் 1 எத்தனையாவது இடத்தில் என்று. 32 பிட்டில் 40 என்ற எண்ணைக் கொடுத்தால் எல்இசட்கவுண்ட் 26 என்னும், பிஎஸ்ஆர் 5 என்னும். ஒன்றுக்கு ஒன்று தலைகீழ். எண்ணைக் கொடுத்தோம், எண் வந்தது, யாரும் கத்தவில்லை. உங்கள் மழைக்கணக்கு மட்டும் போயிற்று.

ஆக எமுலேட்டர் இங்கே நூற்றுக்கு நூறு சரி: எல்இசட்கவுண்ட் இல்லை என்று சொன்னது, நிஜ ஐவிபிரிட்ஜ் எப்படிப் பிஎஸ்ஆர் ஆக்கிவிடுமோ அப்படியே ஆக்கியும் விட்டது. தஞ்சாவூர்த் தம்பிகளுக்குச் சொன்ன விலக்கு இதுதான், இங்கே எக்ஸெப்ஷன் கொடுத்தால்தான் தப்பு. மகனிடம் சொல்லி அந்த ஒரு கம்பைலர் குறிப்பை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள், கொஞ்சம் மெதுவாக ஓடும், எங்கே ஓடினாலும் ஒரே விடை வரும். ஏற்கெனவே எமுலேட்டரில் சுருக்கிய கோப்புகளை நம்ப வேண்டாம், நோட்டுப் புத்தகத்தை எடைக்குப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: கடைக்கு வரும் பழைய கோர்2 டுயோ கணினிகளில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கிளம்பவில்லை. பாப்கவுண்ட் இல்லை என்கிறார்கள். மெய்நிகர் கணினி போட்டு 'பாப்கவுண்ட் உண்டு' என்று சொல்ல வைத்துவிட்டால் போதாதா? – கணினி பழுதுபார்ப்பவர், பட்டுக்கோட்டை

பதில்: போதாது. அந்தப் பதிப்புக்கு எஸ்எஸ்இ4.2வும் பாப்கவுண்டும் வேண்டும், அவை இன்டெலில் 2008இன் நெஹலம் சிபியுவிலிருந்துதான். கேவிஎம் மாதிரி மெய்நிகர் முறையில் கட்டளைகள் நேராக அடியில் இருக்கும் சிபியுவுக்கே போகின்றன. மேலே பிட்டை மாற்றி எழுதலாம், அடியில் இருப்பவருக்குத் தெரியாத வேலை தெரியாததுதான். கேவிஎம் இல்லாமல் முழு எமுலேஷனில் ஓட்டினால் பாப்கவுண்ட் உண்மையாகவே கிடைக்கும், ஏனென்றால் அதைச் செய்வது மென்பொருள். ஆனால் கோர்2 டுயோவில் அப்படி விண்டோஸ் 11 ஓட்டினால் ஸ்டார்ட் மெனு திறப்பதற்குள் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொடுங்கள், ரெட்ஹேட் 9 மாதிரி 'வி2' நிலை கேட்பவை வேண்டாம், டெபியன் போதும்.

கேள்வி: ஐஐடி மெட்ராஸின் சக்தி சிபியு ரிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுப்பு வகை என்று படித்து, பள்ளியில் மாணவர்களுக்கு ரிஸ்க்-5 எமுலேட்டரில் அசெம்பிளி சொல்லித்தருகிறேன். அதில் சிபியுஐடி எங்கே இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். – ஆசிரியை, திருவாரூர்

பதில்: நல்ல கேள்வி, பையனுக்கு ஒரு பேனா பரிசு கொடுங்கள். அங்கே சிபியுஐடி கிடையாது. எம்ஐஎஸ்ஏ என்ற ரெஜிஸ்டரில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் உண்டு: எம் என்றால் பெருக்கல் வகுத்தல், எஃப், டி என்றால் தசமக் கணக்கு, சி என்றால் சுருக்கக் கட்டளைகள், வி என்றால் வெக்டர் (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது). ஆனால் இயந்திர நிலையில், அதாவது மிக உயர்ந்த உரிமையோடு, ஓடும் நிரல் மட்டும்தான் அதைப் படிக்கலாம், அதையும் வெறும் பூஜ்யமாக வைத்துக்கொள்ள சிபியுவுக்கு உரிமை உண்டு. லினக்ஸ் தெரிந்துகொள்வது டிவைஸ் ட்ரீ என்ற விவரத் தாளிலிருந்து, அதில் 'ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி' என்று ஒரு நீளமான பெயர் எழுதியிருக்கும். எமுலேட்டரில் அந்தத் தாளை எழுதுவது எமுலேட்டரே. சாதாரண நிரல்கள் கேட்பதற்கு 2023இல் லினக்ஸ் 6.4இலிருந்து எச்டபிள்யூப்ரோப் என்ற வழி வந்தது. நீங்கள் ஸ்பைக் எமுலேட்டரை வைத்திருந்தால் 'ஐஎஸ்ஏ' விருப்பத்தில் சி எழுத்தை எடுத்துவிட்டு, சி வைத்துக் கம்பைல் செய்த நிரலை ஓட்டிக் காட்டுங்கள். முதல் சுருக்கக் கட்டளையிலேயே நின்றுவிடும், பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையில் புரிந்துவிடும்.

எழுத்தை நம்புவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வெக்டர் நீட்சியின் 1.0 வடிவம் 2021 கடைசியில்தான் உறுதியானது. அதற்கு முன்பே 0.7.1 வரைவை வைத்துச் சிலர் சிப் செய்து விற்றுவிட்டார்கள், விலை மலிவான பலகைகளில் வரும் ஆல்வின்னர் டி1 அப்படிப்பட்டது. இரண்டும் 'வி' என்றுதான் சொல்லும், ஒன்றுக்கு எழுதிய வெக்டர் நிரலை மற்றதில் வைத்தால் சரியாக ஓடாது. எமுலேட்டரில் வி போட்டுப் பழகிய பிள்ளைகள் அந்தப் பலகையை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

திருத்தம்: சென்ற இதழில் ஏவிஎக்ஸ்2வின் பிட் 1ஆம் லீஃபில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். தவறு என்று திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டையிலேயே அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறார். 7ஆம் லீஃப், துணை எண் 0, ஈபிஎக்ஸின் 5ஆம் பிட். அதைக் கேட்பதற்கு முன்னால் 0ஆம் லீஃபைக் கேட்டு, 7 வரைக்கும் பதில் சொல்லும் சிபியுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறார். ஏனென்றால் இன்டெலில் எல்லை தாண்டிக் கேட்டால் கடைசி லீஃபின் பதிலையே எடுத்து நீட்டிவிடும். பழைய இதழைக் கையில் வைத்திருப்பவர்கள் பேனாவால் மாற்றிக்கொள்ளுங்கள்.